ஆண் எலியின் ஓய்வு இடைவேளையும் மூளையின் தடுப்பு ஏற்பிகளும்

பெண் எலியோடு கூடி விந்தை வெளியேற்றிய ஆண் எலி, அடுத்த சில நிமிடங்களுக்கு அந்தப் பெண் எலியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தன் உடலை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு, கூண்டின் ஒரு பக்கமாக ஒதுங்கிப் படுத்துவிடுகிறது. அருகில் இருப்பவருக்கு அப்போது எந்த ஓசையும் கேட்பதில்லை. ஆனால் மீயொலியைப் பதிவுசெய்யும் கருவி ஒன்றை வைத்துக் கேட்டால், அந்த எலி சுமார் 22 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நீண்ட ஒலிகளை எழுப்பிக்கொண்டிருப்பது தெரியும். மனிதச் செவியின் மேல் எல்லை ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் என்பதால், அந்த ஒலி நம் காதுக்கு எட்டுவதில்லை. பார்ஃபீல்டு, கேயர் என்ற இரு ஆய்வாளர்கள் 1972இல் இதை வெளியிட்டார்கள்.

இந்த ஓய்வை முதன்முதலாகப் பார்க்கும் எவருக்கும் எலி களைத்துவிட்டது என்றுதான் தோன்றும். களைப்பு மட்டுமே காரணம் என்றால் இக்கட்டுரைக்கு வேலையே இல்லை. அந்தச் சில நிமிடங்களில் ஆண் எலியின் மூளை வேலை நிறுத்தம் செய்துவிடவில்லை. பாலுறவைத் தொடங்கவிடாமல் தடுக்கும் ஒரு வேலையை அது முனைப்பாகச் செய்துகொண்டிருக்கிறது. அந்த வேலையில் பெரும்பங்கு வகிப்பவை தடுப்பு ஏற்பிகள் எனப்படும் புரதங்கள். அவை எவை, மூளையில் எந்த இடத்தில் இருக்கின்றன, அவற்றைச் செயலிழக்கச் செய்தால் என்ன நடக்கிறது என்பதை உயிரியல் பின்புலம் இல்லாதவருக்கும் புரியும்படி சொல்வதே இங்கு என் முயற்சி.

ஆண் எலி என்ன செய்கிறது?

ஏற்பிகளுக்குப் போவதற்கு முன் நடத்தையைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் இத்துறையின் ஒவ்வொரு முடிவும் சில எளிய எண்ணிக்கைகளின் மீதும் நேர அளவுகளின் மீதும்தான் நிற்கிறது. எலி இரவில் இயங்கும் விலங்கு. ஆகவே ஆய்வகத்தில் விளக்கு நேரத்தை மாற்றி வைத்து, எலிக்கு இரவாக இருக்கும் வேளையில், மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் சோதனையை நடத்துவார்கள். ஆண் எலியைச் சில நிமிடங்கள் முன்பே கூண்டில் விட்டுப் பழகவிடுவார்கள். பிறகு சினைப்பருவத்திலுள்ள பெண் எலியை உள்ளே விடுவார்கள். பெரும்பாலும் அந்தப் பெண் எலிக்குச் சினைப்பைகள் அகற்றப்பட்டு, ஈஸ்ட்ரடயோல், புரோஜெஸ்டிரோன் என்ற இரு ஹார்மோன்களும் ஊசியாகத் தரப்பட்டிருக்கும். ஒவ்வொரு சோதனையிலும் பெண் எலி ஒரே நிலையில் இருந்தால்தான், வேறுபாடு ஆண் எலியால் வந்தது என்று சொல்ல முடியும்.

ஆண் எலியின் செயல்கள் மூன்று வகைப்படும். முதலாவது ஏறுதல்: பின்புறமாக வந்து, முன்னங்கால்களால் பெண்ணின் விலாவைப் பற்றி, இடுப்பை வேகமாக அசைக்கிறது; ஆனால் உறுப்பு உள்ளே செல்வதில்லை. இரண்டாவது உட்செலுத்தல்: அதே அசைவுகளின் முடிவில் ஓர் ஆழமான உந்தல் நிகழ்கிறது; உறுப்பு உள்ளே இருக்கும் நேரம் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட இருப்பதில்லை; உடனே ஆண் எலி பின்னால் துள்ளி விலகித் தன்னை நக்கிக்கொள்கிறது. மூன்றாவது விந்து வெளியேற்றம்: இதில் உந்தல் நீண்டு, பிடி தளர்ந்து, ஆண் எலி மெல்ல விலகுகிறது. ஒரு முறை விந்து வெளியேறுவதற்கு முன் பொதுவாகப் பத்து உட்செலுத்தல்கள் போல நடக்கின்றன. பழகிய கண்ணுக்கு இம்மூன்றையும் பிரித்தறிவது கடினமில்லை. விலகும் விதத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

ஆய்வாளர் நேரத்தை இப்படிக் குறிக்கிறார்: பெண் எலி உள்ளே வந்ததிலிருந்து முதல் ஏறுதல் வரை எவ்வளவு நேரம், முதல் உட்செலுத்தல் வரை எவ்வளவு நேரம், முதல் உட்செலுத்தலிலிருந்து விந்து வெளியேறும் வரை எவ்வளவு நேரம், அதன் பிறகு அடுத்த உட்செலுத்தல் வரை எவ்வளவு நேரம். கடைசியாகச் சொன்னதுதான் நான் தொடக்கத்தில் விவரித்த ஓய்வு இடைவேளை. முதல் முறை அது ஐந்து நிமிடம் போல இருக்கும். ஒவ்வொரு விந்து வெளியேற்றத்துக்குப் பிறகும் நீண்டுகொண்டே போகும். சில முறைகளுக்குப் பின் ஆண் எலி முற்றிலும் நிறுத்திவிடும்.

அந்த இடைவேளை முழுவதும் ஒரே தன்மையுடையது அன்று. அதன் முதல் முக்கால் பங்கில் எதைச் செய்தாலும் ஆண் எலி மீண்டும் கூடாது. கடைசிக் கால் பங்கில் நிலைமை வேறு: புதிய பெண் எலியை உள்ளே விட்டாலோ, கையில் எடுத்து இறக்கினாலோ, தோலில் இலேசான மின்னதிர்வு தந்தாலோ, ஓய்வு முன்கூட்டியே முடிந்துவிடும். உடல் வலு இல்லாமல் கிடக்கும் விலங்கு, புதிய துணையைக் கண்டதும் எழுந்துவிடாது. நிறுத்திவிட்டதாகத் தோன்றும் ஆண் எலிகூடப் புதிய பெண் எலி வந்ததும் பல வேளைகளில் மீண்டும் தொடங்குகிறது என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. ஆகவே தசைகளில் வலு இருக்கிறது. வேறு ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது என்று எண்ணுவதே பொருத்தம்.

காபா என்னும் சிறிய மூலக்கூறு

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது வேதிப்பொருள்கள் வழியாக. ஒரு நரம்பணுவின் முனையிலிருந்து வெளியாகும் வேதிப்பொருள், மிகக் குறுகிய இடைவெளியைக் கடந்து, அடுத்த நரம்பணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் பொருந்துகிறது. சில வேதிப்பொருள்கள் அடுத்த நரம்பணுவைத் தூண்டுகின்றன. சில அதை அடக்குகின்றன. மூளையில் அடக்கும் வேலையை அதிகம் செய்வது காமா-அமினோ-பியூட்டிரிக் அமிலம், சுருக்கமாகக் காபா. இது மூளையில் இருப்பது 1950இல் கண்டறியப்பட்டது. ஆனால் அது நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் பொருள் என்பதை ஏற்றுக்கொள்ள அறிவியலுக்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின.

காபா உருவாகும் விதத்தைச் சற்று நின்று பார்ப்பது தகும். மூளையில் தூண்டும் வேலையை அதிகம் செய்யும் குளுட்டமேட் என்ற பொருளிலிருந்தே, ஒரு நொதி அதன் ஒரு பகுதியை வெட்டி நீக்குவதால், அடக்கும் பொருளான காபா பிறக்கிறது. அந்த நொதி வேலை செய்ய வைட்டமின் பி6 தேவை. தூண்டுவதும் அடக்குவதும் வேதியியல் கணக்கில் ஒரே ஒரு படி தூரத்தில் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

காபாவுக்கு இரண்டு முக்கியமான ஏற்பிகள் உண்டு. அவற்றைக் காபா-ஏ என்றும் காபா-பி என்றும் அழைக்கிறோம். காபா-ஏ ஏற்பி ஐந்து புரதத் துண்டுகள் வளையமாகச் சேர்ந்து அமைந்த ஒரு குழாய். காபா வந்து பொருந்தியதும் நடுவிலுள்ள வழி திறக்கிறது. எதிர்மின்னேற்றம் கொண்ட குளோரைடு அயனிகள் அதன் வழியே நரம்பணுவுக்குள் நுழைகின்றன. நரம்பணு தானே ஒரு மின்துடிப்பை அனுப்ப வேண்டுமானால், அதன் உட்புறத்தின் எதிர்மின் அளவு குறைந்து ஓர் எல்லையைத் தொட வேண்டும். குளோரைடு உள்ளே வரும்போது அந்த எல்லை விலகிப் போகிறது. தூண்டும் செய்திகள் வந்தாலும் அவை வலுவிழக்கின்றன. இவை எல்லாம் சில மில்லிநொடிகளுக்குள் தொடங்கிவிடுகின்றன.

காபா-பி ஏற்பி குழாய் அன்று. அதில் காபா பொருந்தினால், செல்லின் உள்ளேயிருக்கும் ஜி-புரதம் என்ற இடைத்தூதர் விழித்தெழுந்து, வேறு குழாய்களுக்குச் செய்தி கொண்டு செல்கிறது. பொட்டாசியம் வெளியேறும் வழி திறக்கிறது. நரம்பு முனைகளில் கால்சியம் நுழையும் வழி அடைபடுகிறது. அதனால் அந்த முனை வெளியிடும் வேதிப்பொருளின் அளவே குறைந்துவிடுகிறது. இது மெதுவாகத் தொடங்கி நெடுநேரம் நீடிக்கும் அடக்கம். 1980ஆம் ஆண்டையொட்டி நார்மன் பவுரியும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்த இரண்டாம் வகை ஏற்பி தனி ஒன்று என்று நிறுவினார்கள்.

இரண்டையும் பிரித்தறிய ஆய்வாளர்களுக்கு உதவியவை சில வேதிப்பொருள்கள். சிவந்த தொப்பியில் வெண்புள்ளிகள் கொண்ட அமனிதா மஸ்காரியா என்ற காளானிலிருந்து கிடைக்கும் மஸ்சிமால், காபா-ஏ ஏற்பியில் காபாவைப் போலவே பொருந்தி அதைத் திறக்கிறது. சில செடிகளில் காணப்படும் பைக்குகுலின் என்ற ஆல்கலாய்டு, அதே ஏற்பியை அடைத்துக் காபா வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. இத்தன்மை 1970இல் வெளியானது. பாக்லோஃபென் என்ற மருந்து காபா-பி ஏற்பியைத் தூண்டுகிறது. பைக்குகுலினால் அதைத் தடுக்க முடியாது. இந்த மூன்று பெயர்களையும் நினைவில் வைத்துக்கொண்டால், இத்துறையின் பல ஆய்வுகளைத் தடையின்றிப் படிக்கலாம்.

ஒரு குறிப்பை இங்கே சேர்க்க விரும்புகிறேன். தடுப்பு ஏற்பி என்ற பெயர் அந்தப் புரதத்தின் நிலையான குணத்தைக் குறிப்பதில்லை. குளோரைடு எந்தத் திசையில் பாயும் என்பது நரம்பணுவின் உள்ளே ஏற்கெனவே எவ்வளவு குளோரைடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிறந்த சில நாள்களில் எலிக்குட்டியின் நரம்பணுக்கள் பலவற்றில் குளோரைடு அதிகம். ஆகவே அங்கே காபா-ஏ ஏற்பி திறந்தால் குளோரைடு வெளியேறி, நரம்பணு தூண்டப்படுகிறது. வளர்ந்த எலியில்தான் அது தடுப்பு ஏற்பியாக நடந்துகொள்கிறது. இக்கட்டுரையில் சொல்பவை எல்லாம் வளர்ந்த ஆண் எலியைப் பற்றியவை.

பிரீஆப்டிக் பகுதி

மூளையின் அடித்தளத்தில், ஹைப்போதலாமஸின் முன் ஓரத்தில், பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்கு அருகே, மீடியல் பிரீஆப்டிக் பகுதி என்ற சிறிய இடம் இருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த லென்னார்ட் ஹைமரும் கூனுத் லார்சனும் 1960களின் நடுவில், இப்பகுதியை இருபுறமும் சிதைத்தால் ஆண் எலி கூடுவதை நிறுத்திவிடுகிறது என்று காட்டினார்கள். பின்னர் அதே பகுதியை மின்சாரத்தால் தூண்டியபோது கூடும் நடத்தை விரைவுபட்டது. மோப்பம், தொடுவுணர்வு, டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் ஆகிய மூன்றின் செய்திகளும் வந்து சேரும் இடம் இது. எனவே ஆண் பாலுறவு நடத்தையைப் பற்றிக் கேட்கும் எவரும் இந்த இடத்தைத் தொடாமல் போக முடியாது.

இப்பகுதியிலேயே காபாவும் அதன் ஏற்பிகளும் மிகுதியாக உள்ளன. அப்படியானால் இங்குள்ள காபாவின் வேலை என்ன? இக்கேள்வியை 1980களின் நடுவில் நேரடியாகக் கேட்டவர்களுள் மெக்சிகோவைச் சேர்ந்த அலோன்சோ பெர்னாண்டஸ்-குவாஸ்தி, கார்லோஸ் பேயர் ஆகியோரும், முன்பு குறிப்பிட்ட கூனுத் லார்சனும் முக்கியமானவர்கள்.

இத்தகைய சோதனை எப்படி நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்ப்போம். எலிக்கு மயக்க மருந்து தந்து, அதன் தலையை ஒரு சட்டத்தில் அசையாமல் பொருத்துகிறார்கள். மண்டையோட்டில் குறிப்பிட்ட புள்ளியிலிருந்து முன்பின், இடவலம், மேல்கீழ் என மூன்று அளவுகளை மில்லிமீட்டரில் கணக்கிட்டு, மெல்லிய எஃகுக் குழாய் ஒன்றை இறக்கி, பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிமெண்டால் மண்டையோட்டோடு ஒட்டிவிடுகிறார்கள். எலி தேறிச் சில நாள்கள் ஆன பிறகு, அந்தக் குழாய்க்குள் அதைவிட மெல்லிய ஊசியைச் செருகி, ஒரு மைக்ரோலிட்டர் அளவையொட்டிய துளியை மிக மெதுவாகச் செலுத்துகிறார்கள். அந்தத் துளியில் இருக்கும் மருந்தை நானோகிராம் கணக்கில்தான் சொல்ல முடியும். பிறகு எலியைப் பெண் எலியோடு விட்டு நேரத்தைக் குறிக்கிறார்கள். இன்னொரு நாள் அதே எலிக்கு மருந்தில்லாத உப்புநீரைச் செலுத்தி அதே சோதனையை மறுபடி நடத்துவது வழக்கம். எல்லாம் முடிந்த பிறகு மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, குழாயின் முனை உண்மையில் எங்கே நின்றது என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். குறி தவறிய எலிகளின் முடிவுகள் கணக்கில் சேராது. ஆனால் அவை வீணாவதில்லை. சரியான இடத்தில் விளைவு வந்து, ஒரு மில்லிமீட்டர் தள்ளி வரவில்லை என்றால், அந்த இடத்துக்கே அதற்கான பொறுப்பு உண்டு என்பதற்கு அதுவே சான்று.

பிரீஆப்டிக் பகுதியில் பைக்குகுலினைச் செலுத்தியபோது கிடைத்த முடிவு தெளிவானது. காபா-ஏ ஏற்பிகள் அடைபட்டன. ஆண் எலிகளின் ஓய்வு இடைவேளை வெகுவாகச் சுருங்கியது. கூடும் வேகம் கூடியது. காபாவை உருவாக்கும் நொதியைத் தடுக்கும் பொருளை அதே இடத்தில் செலுத்தியபோதும் இடைவேளை சுருங்கியது. இந்த இரண்டாம் சோதனை ஏன் முக்கியம் என்றால், ஏற்பியை அடைப்பதும் காபாவையே குறைப்பதும் வெவ்வேறு வழிகள். இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் கொண்டுவிட்டால், மருந்தின் ஏதோ ஒரு பக்கவிளைவைப் பார்க்கிறோம் என்ற ஐயம் பெரிதும் குறைகிறது. மறுபக்கம், மஸ்சிமாலைச் செலுத்திக் காபா-ஏ ஏற்பிகளைத் திறந்து வைத்தபோது கூடும் நடத்தை ஒடுங்கியது.

இந்த முடிவை ஒரு கணம் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். பைக்குகுலின் ஆண் எலிக்குப் புதிதாக எந்த ஆற்றலையும் தருவதில்லை. அது ஒரு ஏற்பியை அடைக்க மட்டுமே செய்கிறது. இருந்தும் நடத்தை வெளிப்படுகிறது என்றால், அந்த நடத்தைக்கான ஏற்பாடு முழுவதும் அங்கே தயாராக இருந்தது, காபா அதைப் பிடித்து வைத்திருந்தது என்றுதான் பொருள். கடிவாளத்தை இறுக்கிப் பிடித்திருப்பதால் நிற்கும் குதிரையும், கால் ஓய்ந்து நிற்கும் குதிரையும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தெரியும். கடிவாளத்தைத் தளர்த்தினால்தான் எது எது என்று புலப்படும். ஓய்வு இடைவேளையில் இருக்கும் ஆண் எலி முதல் வகையைச் சேர்ந்தது என்பதைக் காட்டியதே இந்த ஆய்வுகளின் சிறப்பு.

இதோடு ஒத்துப்போகும் இன்னொரு சான்று குரேஷி, சோடர்ஸ்டென் ஆகியோரிடமிருந்து 1986இல் வந்தது. ஆண் எலிகளின் மூளைத் தண்டுவட நீரில் உள்ள அமினோ அமிலங்களை அவர்கள் அளந்தபோது, விந்து வெளியேற்றத்துக்குப் பிறகு காபாவின் அளவு பல மடங்கு உயர்ந்திருந்தது. ஓய்வு இடைவேளையும் காபாவின் உயர்வும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. ஆனால் இந்தச் சான்றை அதன் எல்லைக்குள் வைத்தே படிக்க வேண்டும். மூளைத் தண்டுவட நீர் என்பது பல பகுதிகளின் கழிவும் கசிவும் கலக்கும் பொது நீர்; அதிலுள்ள காபா பிரீஆப்டிக் பகுதியிலிருந்து மட்டும் வந்தது என்று அந்த அளவு சொல்வதில்லை. நீரில் அளந்த உயர்வும், குறிப்பிட்ட இடத்தில் ஏற்பியை அடைத்த சோதனையும் சேரும்போதுதான் வாதம் வலுப்பெறுகிறது.

தடுப்பை யார் தளர்த்துகிறார்?

இயல்பான நிலையில் எந்த ஆய்வாளரும் எலியின் மூளையில் பைக்குகுலினைச் செலுத்துவதில்லை; ஆயினும் பெண் எலியைக் கண்டதும் ஆண் எலி தொடங்கிவிடுகிறது. அப்படியானால் உள்ளேயே கடிவாளத்தைத் தளர்த்தும் ஒன்று இருக்க வேண்டும். இங்கே டோபமைன் என்ற இன்னொரு செய்தி கடத்தும் வேதிப்பொருள் வருகிறது. எலைன் ஹல்லும் அவருடைய குழுவினரும் 1990களில் பிரீஆப்டிக் பகுதியில் நுண்குழாய் பொருத்தி அங்கு சுரக்கும் பொருள்களை அளந்தார்கள். கூண்டின் நடுவே வைத்த துளையிட்ட பலகைக்கு அப்பால் பெண் எலி இருக்கும்போதே ஆண் எலியின் பிரீஆப்டிக் பகுதியில் டோபமைன் உயர்ந்தது. பலகையை நீக்கியதும் அந்த உயர்வு காட்டிய எலிகளே கூடின. விதைகள் அகற்றப்பட்டு டெஸ்டோஸ்டிரோன் வற்றிய எலிகளில் அந்த உயர்வு இல்லாமற்போனபோது, கூடுதலும் இல்லாமற்போனது.

இதை விளக்க முன்வைக்கப்படும் கருத்து, தடை நீக்கம் என்பது. டோபமைன் நேரடியாக எதையும் தொடங்கி வைப்பதைவிட, இடைவிடாது இயங்கிக்கொண்டிருக்கும் தடுப்பைத் தளர்த்துவதன் மூலம், மோப்பமும் தொடுவுணர்வும் கொண்டுவரும் செய்திகளுக்கு வழி திறந்துவிடுகிறது என்பதே அதன் சாரம். அந்தச் செய்திகளைச் சுமப்பது பெரும்பாலும் குளுட்டமேட். அதுவும் கூடும்போது பிரீஆப்டிக் பகுதியில் உயர்ந்து, விந்து வெளியேறும் நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு சட்டென வீழ்கிறது என்பது 2006இல் அதே குழுவின் அளவீட்டில் தெரியவந்தது. எனக்கு இந்தக் கருத்து நம்பத்தக்கதாகவே படுகிறது. ஏனெனில் பைக்குகுலின் சோதனை தரும் செய்தியும் இதுவும் ஒரே பக்கம் சாய்கின்றன.

முதுகுத்தண்டு

இதுவரை மூளையைப் பற்றியே பேசினோம். விறைப்பும் விந்து வெளியேற்றமும் நேரடியாக நடத்தப்படுவது கீழ் முதுகுத்தண்டில். அங்கும் தடுப்பு உண்டு. மார்சன், மக்கென்னா ஆகியோர் 1990இல், மூளைத்தண்டின் ஒரு குறிப்பிட்ட நரம்பணுக் கூட்டத்தைச் சிதைத்தால், மயக்கத்திலுள்ள எலியிலும் பாலுறவு சார்ந்த அனிச்சைச் செயல் வெளிப்படுகிறது என்று காட்டினார்கள். மேலிருந்து கீழே இடைவிடாத அடக்கம் ஒன்று இறங்கிவருகிறது என்பதற்கு அது சான்று. ஆனால் அந்த இறங்குவழியில் பெரும்பங்கு செரட்டோனின் என்ற வேறொரு பொருளுக்குரியது. தடுப்பு என்றாலே காபா என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

காபா இங்கே வேறு ஏற்பியின் வழியாக வேலை செய்கிறது. கீழ் முதுகுத்தண்டைச் சூழ்ந்த நீரில் பாக்லோஃபெனைச் செலுத்தியபோது ஆண் எலிகளின் விறைப்பு அனிச்சைகள் குறைந்தன. 1988இல் வெளியான இந்த ஆய்வு காபா-பி ஏற்பியைக் கைகாட்டியது. பிரீஆப்டிக் பகுதியில் ஓய்வு இடைவேளையை ஆளும் சோதனைகள் காபா-ஏ ஏற்பியைச் சார்ந்தவை. முதுகுத்தண்டில் விறைப்பை ஒடுக்கிய சோதனை காபா-பி ஏற்பியைச் சார்ந்தது. ஒரே காபா, வேறு இடம், வேறு ஏற்பி, நடத்தையின் வேறு கூறு. காபா பாலுறவைக் குறைக்கும் என்று ஒரே வரியில் எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டைத் தொலைத்துவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம் தரும் சுருக்கம்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பைக்குகுலினே நல்ல எடுத்துக்காட்டு. பிரீஆப்டிக் பகுதியில் நானோகிராம் அளவில் அது கூடுதலை விரைவுபடுத்துகிறது. அதையே போதிய அளவில் உடல் முழுவதும் பரவும்படி ஊசியாகப் போட்டால் வலிப்பு வருகிறது. ஏனென்றால் மூளையின் எல்லாப் பகுதிகளிலும் உள்ள காபா-ஏ ஏற்பிகள் ஒரே நேரத்தில் அடைபடுகின்றன. வலிப்பில் துடிக்கும் விலங்கு எதையும் தொடங்காது.

குறைந்தது என்றால் எது குறைந்தது?

ஒரு மருந்தைத் தந்த பிறகு ஆண் எலி கூடவில்லை என்றால், அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கக்கூடும். விருப்பம் குறைந்திருக்கலாம். விருப்பம் இருந்தும் விறைப்பு நிகழாமல் இருக்கலாம். இரண்டும் இருந்தும் பின்னங்கால்களில் தளர்ச்சி ஏற்பட்டு ஏற முடியாமல் போகலாம். அல்லது விலங்கு வெறுமனே தூக்கக் கலக்கத்தில் இருக்கலாம். காபா ஏற்பிகளைத் தூண்டும் மருந்துகளில் இந்தக் கடைசி இரண்டும் உண்மையான ஆபத்துகள். பாக்லோஃபென் தசையைத் தளர்த்துவதற்கென்றே பயன்படும் மருந்து. ஆகவே கவனமான ஆய்வாளர், சுழலும் உருளையின் மீது எலி எவ்வளவு நேரம் விழாமல் நிற்கிறது என்று தனியாகச் சோதிப்பார். உருளையில் நன்றாக நிற்கும் எலி பெண் எலியிடம் போகவில்லை என்றால், தசைத் தளர்ச்சி காரணமன்று என்று சொல்லலாம். பெண் எலியை நெருங்கி மோப்பம் பிடித்து, அடிக்கடி ஏறியும், உட்செலுத்தல் நிகழாத எலி வேறு கதை சொல்கிறது: அதற்கு விருப்பம் குறையவில்லை.

தடுப்பை நீக்கும் மருந்துக்கு இந்தச் சிக்கல் குறைவு என்பதே பைக்குகுலின் சோதனைகள் மீது எனக்குள்ள மதிப்புக்கு ஒரு காரணம். ஒரு நடத்தையைக் கெடுப்பதற்கு ஆயிரம் வழிகள் உண்டு. அதே நடத்தையை, அதன் ஒழுங்கு குலையாமல், ஏறுதலும் உட்செலுத்தலும் விந்து வெளியேற்றமும் அதே வரிசையில் நடக்கும்படி விரைவுபடுத்துவதற்கு வழிகள் மிகக் குறைவு.

மனிதருக்கு இதிலிருந்து எவ்வளவு சொல்லலாம்? காபா, அதன் இரு ஏற்பிகள், பிரீஆப்டிக் பகுதி ஆகிய எல்லாம் மனித மூளையிலும் உள்ளன. விந்து வெளியேற்றத்துக்குப் பிறகு ஓய்வு இடைவேளை மனித ஆண்களிடமும் உண்டு. ஆனால் மனிதரின் பாலுறவு விருப்பம் உறவு, நினைவு, மனநிலை ஆகியவற்றோடு பின்னிக் கிடக்கிறது. எலியின் நேர அட்டவணையை அப்படியே எடுத்துவந்து மனிதர் மீது வைக்க முடியாது. எலியில் கண்டது மனிதரிடமும் வெளிப்படையாகத் தெரியும் ஓரிடம் முதுகுத்தண்டு. கடுமையான தசை இறுக்கத்துக்காக, முதுகுத்தண்டைச் சூழ்ந்த நீரில் சிறு கருவி வழியாகப் பாக்லோஃபென் செலுத்தப்படும் ஆண்கள் சிலரிடம், விறைப்போ விந்து வெளியேற்றமோ குறைந்ததாக மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. அப்படி ஒரு மாற்றத்தை உணர்பவர் அதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும்; அளவைச் சரிசெய்ய வழி உண்டு. மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பாக்லோஃபெனுக்குப் பழகிய உடலில் அதைச் சட்டென நிறுத்தினால், அதுவரை அடங்கியிருந்த நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் கட்டவிழ்ந்து, தசை இறுக்கமும் காய்ச்சலும் வலிப்பும் வரக்கூடும்.